ஐம்பது மீட்டர் நல்லுறவு

சுரங்க நிறுவனங்களுக்காக எழுதப்படும் மேலாண்மைக் கையேடுகளில் ஓர் அத்தியாயம் தவறாமல் இடம்பெறுகிறது: உள்ளூர் மக்களுடன் நல்லுறவை வளர்ப்பது எப்படி? அதற்குத் தரப்படும் விடையும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மருத்துவ முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், திருவிழாவுக்கு நன்கொடை, இளைஞர் மன்றத்துக்குக் கோப்பை. சமூகவியல், சூழலியல் துறைகளின் ஆய்வேடுகளும் இந்தப் பட்டியலையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, "மக்களின் ஏற்பு" எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகின்றன. கேள்வியிலேயே பிழை இருக்கிறது. மறுக்கும் அதிகாரம் ஒரு தரப்பிடம் இல்லாதபோது, அந்தத் தரப்பின் மௌனத்தை உறவு என்று பெயரிடுவது ஆய்வாகாது.

இதைச் சோதித்துப் பார்க்கக் குன்னத்துகாலைவிடப் பொருத்தமான இடம் அரிது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு விளிம்பில், பாறசாலைக்கு அருகே, தமிழ்நாட்டின் பளுகலை ஒட்டிக் கிடக்கிறது இந்த ஊராட்சி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மனிதர்களைப் பிரித்த அளவுக்குப் பாறையைப் பிரிக்கவில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு அடியில் இரு பக்கமும் ஒரே கருங்கல்தான். ஆனால் அந்தக் கல்லை உடைப்பவர் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் கோடு தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை வழங்கக் கூடாது. கேரளத்தின் 2015ஆம் ஆண்டு விதிகள் வகுத்த தூரம் 100 மீட்டர். 2017இல் அதுவும் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2020 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், வெடி வைக்கும் குவாரிகள் 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றது. உடனே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஏறியது. பளுகல் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 300 மீட்டர் பாதுகாப்புத் தேவைப்படும்போது, குன்னத்துகால் பக்கத்தில் வசிக்கும் அதன் உறவினருக்கு 50 மீட்டர் போதும் என்று சொல்ல எந்த நிலவியல் உதவும்? சுவரின் வலிமையோ கிணற்றின் ஆழமோ மாநில எல்லையில் மாறுவதில்லை. விதி ஏட்டில் இருப்பதாலேயே குமரி மாவட்டத்து மலைகள் தப்பிவிட்டன என்றும் பொருளில்லை. ஆனால் 300 மீட்டர் என்பது வழக்காடுவதற்கான ஒரு பிடி. 50 மீட்டரில் அந்தப் பிடி நழுவிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் நன்கொடைச் சீட்டும் மருத்துவ முகாமும் வந்து அமர்கின்றன.

2017 நவம்பரில், குன்னத்துகாலை அடுத்த மாராயமுட்டம் பகுதியின் குவாரி ஒன்றில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்த அதே ஆண்டு அது. விபத்துக்கும் அந்தத் திருத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக வாதிடத் தேவையில்லை. கல்லை எடுப்பவரின் வசதியை முதலாகவும், அருகில் வாழ்வோரும் உள்ளே உழைப்போரும் தாங்கும் இடரைப் பின்னிணைப்பாகவும் கருதும் ஆட்சி மனநிலையை அந்த ஆண்டு துலக்கமாகக் காட்டியது என்பதே போதும்.

"சமூக உரிமம்" என்ற சொல்லின் பிறப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1997இல் கனடாவின் பிளேசர் டோம் சுரங்க நிறுவனத்தின் அதிகாரி ஜிம் கூனி அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளூர் எதிர்ப்பு முதலீட்டுக்கு ஏற்படுத்தும் இடரைச் சுட்டவே அச்சொல் பயன்பட்டது. அரசு தரும் உரிமத்தில் தேதி உண்டு, நிபந்தனை உண்டு, ரத்து செய்யும் அதிகாரி உண்டு. சமூக உரிமத்தில் இவை எதுவும் இல்லை. கையெழுத்திட்டவர் யார் என்று தெரியாது. திரும்பப் பெறும் வழியும் தெரியாது. நிறுவனமே எழுதி, நிறுவனமே படித்துக்கொள்ளும் உரிமம் அது.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. 2016 ஜனவரி 15 அறிவிக்கையின் வழியே, 5 ஹெக்டேருக்கு மேற்படாத தனிக் குத்தகைகள் பொதுக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குப் பெற்றன. ஊர் தன் குரலை அரசு ஏட்டில் பதியச் செய்யும் ஒரே சந்தர்ப்பம் அத்துடன் போயிற்று. சமூகப் பொறுப்பு நிதியோ, 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஊர்ப்புறக் குவாரி முதலாளிகளில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழே நிற்பவர்கள். ஆகவே அவர்கள் தருவது எதுவாயினும் அது தர்மம். கேட்டுப் பெறும் உரிமையாகாது. தர்மம் வாங்கிய கை புகார் மனுவில் கையெழுத்திடத் தயங்கும் என்பதைக் கொடுப்பவர் நன்கறிவார்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது அற்பமானதன்று. குவாரி வேலை தருகிறது. டாரஸ் லாரி ஓட்டுநர், கிரஷர் கூலியாள், தேநீர்க் கடைக்காரர் எனப் பல அடுப்புகள் அதனால் எரிகின்றன. வீடு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கல் கிடைக்காமல் தாமதப்பட்டதைத் திருவனந்தபுரம் மாவட்டமே பார்த்தது. கல் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கல்லின் தேவை உண்மையென்றால் அதன் முழு விலையையும் கணக்கில் எழுத வேண்டும் என்பதே கோரிக்கை. விரிசல் விட்ட சுவரும் கலங்கிய கிணறும் தூசி படிந்த மூச்சும் கல்லின் விலையில் சேராதவரை, அந்தக் கல்லுக்கு மானியம் கொடுப்பது 50 மீட்டரில் குடியிருப்பவர்தான்.

மறுக்கும் அதிகாரம் கிடைத்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கும் சான்றுண்டு. நியமகிரி வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கேட்கப்பட்ட 12 சபைகளும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அதற்குமுன் "ஏற்பு" என்று சொல்லப்பட்டதெல்லாம் ஒரு பருவமழைக்குள் கரைந்தது. மதுரை அரிட்டாபட்டியிலோ ஊரைக் கேட்கும் முன்பே டங்ஸ்டன் ஏலம் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. கிராம சபைத் தீர்மானங்களும் சட்டமன்றத் தீர்மானமும் மதுரையை நோக்கிய நடைப்பேரணியும் வந்தபின், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. நியமகிரிக்கு வன உரிமைச் சட்டம் இருந்தது. அரிட்டாபட்டிக்குத் திரண்ட கூட்டம் இருந்தது. பத்து சென்ட் நிலத்தில் ஓட்டு வீடு கட்டிய குன்னத்துகால்காரருக்கு இரண்டும் இல்லை.

கட்டுப்படுத்தும் உறவு எப்படியிருக்கும் என்பதற்கு வெளியே ஒரு மாதிரி உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 1995ஆம் ஆண்டு ராக்லன் ஒப்பந்தப்படி, நிக்கல் சுரங்க லாபத்தின் 4.5 விழுக்காடு இன்யுவிட் மக்களுக்கு உரியது. அது அன்பளிப்பன்று, எழுத்தில் உள்ள கடன். குறைகள் அதற்கும் இருக்கலாம். ஆனால் அங்கே பேசப்படுவது பங்கு. இங்கே கொடுக்கப்படுவது கோப்பை.

ஆகவே, நல்லுறவை உண்மையில் விரும்பும் நிறுவனம் முகாம் நடத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

1. முதல் வெடிக்கு முன்பே சுற்றுவட்டார வீடுகளையும் கிணறுகளையும் நிறுவனத்தைச் சாராத பொறியாளர் ஆய்ந்து, பதிவின் பிரதியை வீட்டுக்காரரிடம் தர வேண்டும். அது இல்லாதவரை "இந்த விரிசல் பழையது" என்ற வாக்கியமே எப்போதும் வெல்லும்.

2. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997ஆம் ஆண்டு 7ஆம் சுற்றறிக்கை, பிறருக்குச் சொந்தமான சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர் என அதிர்வு வரம்பை வகுத்துள்ளது. ஒவ்வொரு வெடியின் அளவீடும் அன்றே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

3. 5 ஹெக்டேர் விலக்கைக் காட்டி ஒதுங்காமல், குத்தகைக்கும் புதுப்பித்தலுக்கும் முன் கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். மறுப்பு வந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

4. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தொகை ஊரின் கணக்கில் சேர வேண்டும். கைவிடப்படும் பள்ளத்தை வேலியிட்டுச் சீரமைப்பதற்கான பணம் தொடக்கத்திலேயே வைப்புத்தொகையாக வைக்கப்பட வேண்டும்.

இந்த நான்கும் நிறுவனத்தின் நற்பெயருக்காக அல்லாமல் ஊரின் உரிமைக்காக நிற்பவை. ஆய்வாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. நிறுவனம் கொடுத்த பயனாளிப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "குவாரியால் உங்களுக்கு நன்மை உண்டா?" என்று கேட்டு ஐந்து புள்ளி அளவுகோலில் குறித்துக்கொள்ளும் பழக்கம் நிற்க வேண்டும். "நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அது நிற்குமா?" என்பதே வினாப்படிவத்தின் முதல் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு "இல்லை" என்று விடை வருமானால், மீதிப் பக்கங்களை நிரப்புவதால் பயன் ஏதுமில்லை.