அன்னம்மாள் திருத்தலக் கரையில் குவியும் சாம்பல்



புனித அன்னம்மாள் 1876 முதல் கியூபெக் மாகாணத்தின் பாதுகாவலி. அவருடைய திருவிழாவாகிய ஜூலை 26ஐ ஒட்டி மொன்றியலிலிருந்து போப்றே திருத்தலத்திற்குத் திருயாத்திரை செல்கிறோம். அங்கே முழந்தாளிடும்போது உங்களுள் பலருடைய நெஞ்சம் கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலைத் திருத்தலத்தை நாடுவதை நான் அறிவேன்.

அதே கரையில், சற்றுத் தெற்கே, நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்கிறது. மீனவ மக்களும் திருச்சபையினரும் எதிர்த்தபோதிலும் 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. மின்சாரம் வேண்டாம் என நான் கூறவில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் இருளில் இருந்தவர்கள் நம் உறவினர்களே. ஆயினும் அந்த ஒளியின் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்பதும் நம் கடமை.

சென்ற மாதம் திருப்பலி முடிந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். ஊரில் அவர் வீடு கட்டும் வளவு பள்ளமானது. அதை மேடாக்கச் சாம்பல் மலிவாகக் கிடைக்கிறதாம். "வாங்கலாமா, சுவாமி?" என்றார். வேண்டாம் என்றேன்.

காரணம் இதுதான். நிலக்கரி எரிந்தாலும் அதில் நுண்ணளவில் இருந்த ஆர்சனிக், ஈயம், கட்மியம், குரோமியம் போன்றவற்றின் பெரும்பங்கு எரிந்து மறைவதில்லை. சாம்பலில் செறிந்து தங்கிவிடுகிறது. உலர்ந்த சாம்பல் காற்றோடு நுரையீரலுக்குள் செல்லும். மழையில் நனைந்தால் அதன் நஞ்சு மண்ணுக்குள் கசியும். கற்பிட்டியோ மணற்பாங்கான நிலம். நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது. வளவில் கொட்டியது கிணற்றுக்குள் இறங்க நெடுநாள் செல்லாது.

அதே பறக்கும் சாம்பலைச் சீமெந்தோடு கலந்து கொங்கிறீற்றாக இறுக்கினால் அந்த உலோகங்கள் பெருமளவு உள்ளேயே கட்டுண்டுவிடும். நுரைச்சோலைச் சாம்பலில் ஒரு பகுதி இவ்வாறு சீமெந்து உற்பத்திக்குச் செல்வது நல்லதே. எஞ்சியதை நீர் கசியாத விரிப்பின்மீது இட்டு, காற்றில் எழாதபடி ஈரமாக்கி மூடி, சுற்றியுள்ள கிணற்று நீரை இடைவிடாது சோதிக்க வேண்டும். செலவு மிகுந்த வழிதான். செல்வ நாடுகளும் இதைத் தாமதமாகவே கற்றன. 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெனசியில் கிங்ஸ்டன் சாம்பற்குளத்தின் அணை உடைந்து சுமார் 40 இலட்சம் கன மீற்றர் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பரவியது. அந்நாட்டில் நிலக்கரிச் சாம்பலுக்கான கூட்டாட்சி விதிகள் 2015இல்தான் வந்தன.

சாம்பலைத் தொலைவில் கொட்டுவது அதை அகற்றுவது ஆகாது. அது வேறொருவருடைய முற்றத்திற்கு மாறுகிறது. பெரும்பாலும் எதிர்த்துப் பேச வலுவில்லாதவருடைய முற்றத்திற்கு. மின்சாரத்தை நாடு முழுவதும் நுகரும்போது, அதன் கழிவைக் காக்கும் செலவையும் நாடு முழுவதுமே ஏற்பதுதான் நீதி.

ஆகவே உங்களை வேண்டுகிறேன். ஊரில் வீடோ ஆலயமோ எழுப்பப் பணம் அனுப்பும்போது, நிலத்தை நிரப்புவது எது என்று கேளுங்கள். கரையோர மக்கள் தம் கிணற்று நீரின் சோதனை முடிவுகளைக் கோரும்போது அவர்களோடு நில்லுங்கள். போப்றேயில் அடுத்த முறை மெழுகுதிரி ஏற்றுகையில், தலவிலைக் கரையின் கிணறுகளுக்காகவும் ஒன்று ஏற்றுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.