ஆவடியில் நடந்தது ஓசூரிலும் நடக்கலாமா?

ராணுவத் தளவாட உற்பத்தித் தடத்தில் ஓசூரும் ஒரு மையம் என்று 2019-ல் அறிவிக்கப்பட்டது. 2004 வரை நமது தருமபுரி ஜில்லாவில் இருந்த ஊர் அது. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் ஊரும் அதுவே. வேலை வரட்டும், வரவேற்கிறோம். வந்த வேலை நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

ஆவடியைப் பாருங்கள். அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. மாதிரி டாங்கிகள் ஓடின, சுட்டன. 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்ததோ 2000-ல்தான். இருபத்தாறு வருஷம்! கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அத்தனையையும் செய்து முடித்தார்கள். அடுத்து 118 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது 2021 செப்டம்பரில். இடையில் என்ன நடந்தது? மேம்படுத்திய மாதிரி, சோதனை, மாற்றம், மறுபடியும் சோதனை!

ஆலை சும்மா இருக்கவில்லை, ரஷ்ய டி-90 டாங்கி செய்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் கம்பு விதைத்த காட்டில் கேழ்வரகு அறுக்க முடியாது. ஒரு மாதிரியை நாலு கைதேர்ந்த பிட்டர்கள் அரம் போட்டே பொருத்திவிடலாம். நூறு டாங்கி செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பாகமும் ஒரே அளவில் வரவேண்டும். அதற்கு ஜிக் வேண்டும், கேஜ் வேண்டும், திருத்திய வரைபடம் வேண்டும், வார்ப்படம் தரும் பட்டறை வேண்டும். ஆர்டர் நின்றால் பட்டறைக்காரர் கடனில் வாங்கிய மெஷினை வேறு வேலைக்குத் திருப்புவார், அல்லது விற்பார். வெல்டர் ஓய்வு பெற்றுப் போவார். அவர் கை அறிந்த நுணுக்கம் எந்த வரைபடத்திலும் ஏறியதில்லை.

ஜெர்மனியிலும் இதே கதைதான். அர்ஜுனுக்கு அங்கிருந்துதான் எஞ்சின். 2021 ஆர்டருக்குப் பிறகு பார்த்தால், அந்த எஞ்சின் உற்பத்தியே அங்கு நின்றுபோயிருந்தது. மறுபடி தொடங்க வருஷக்கணக்காகும் என்று தெரிந்தது. நம் நாட்டின் 1500 குதிரைசக்தி எஞ்சின் மைசூரில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சில். அன்று ஓடியதும் ஒரு மாதிரிதான்!

ஆகவே ஓசூர்ப் பட்டறைகளைக் கடன் வாங்கி மெஷின் போடச் சொல்லும் சர்க்கார், மாதிரி தேறிய பிறகு எத்தனை உருப்படி, எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். சோதனை நீளும் காலத்திலும் சிறு அளவிலாவது ஆர்டர் தரவேண்டும். கான்ட்ராக்ட் கூலிக்கு ஆளெடுத்து, ஆர்டர் நின்றதும் கேட்டுக்கு வெளியே தள்ளும் ஏற்பாட்டை நாம் ஏற்கமாட்டோம்.