உண்டியல்ல கண்மலர் போட்டா போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம். சில பேருக்குக் கோபம் வரும். பரவாயில்ல, முழுசா படிச்சிட்டு ஏசுங்க.

போன மாசம் உண்டியல் எண்ண உட்கார்ந்தோம். சில்லறை, நோட்டு, அதுக்கு நடுவுல வெள்ளிக் கண்மலர். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு ஜோடி. முன்னெல்லாம் அம்மை போட்ட பிள்ளைக்காகப் போடுவாங்க. இப்போ போடுறது யாருன்னு நமக்கே தெரியும். ஐம்பது அறுபது வயசு அண்ணன்மார், அக்காமார். முக்கால்வாசிப் பேரு இனிப்புநீர்க்காரங்க. அம்மாகிட்ட கண்ணைக் கேட்கிறாங்க. கேட்கட்டும், எங்க நம்பிக்கையும் அதுதான். ஆனா எண்ணி முடிச்சதும் ஒரு கேள்வி வந்துச்சு. இவங்கள்ல எத்தனை பேரு கிளினிக்குல கண்ணைப் படம் எடுத்துப் பார்த்திருப்பாங்க?

அடுத்த வாரம் அன்னதானத்துல பச்சைப் புத்தகம் வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டோம். ரத்தச் சீனி எழுதியிருக்கு, பிரஷர் எழுதியிருக்கு. கண் பரிசோதனைன்னு வர்ற இடம் பல பேருக்கு வெறுமையா இருக்கு. "கண்ணு நல்லாதானே தெரியுது தம்பி" என்று ஒரு அக்கா சிரிச்சாங்க.

2019ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல, நாட்டுல பெரியவங்க 100 பேருக்கு 18 பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தா 31 பேருக்கு. பந்தியில பத்து இலை போட்டா மூணு இலை அவங்களுது. அந்த ஆய்வுல கண்டுபிடிச்சவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதுவரைக்கும் தனக்கு இருக்கிறதே தெரியாது.

கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒரு மெல்லிய படலம், நாம பார்க்கிறது அங்கதான் பதியுது. அதுல முடியைவிட மெல்லிசான ரத்தக் குழாய்கள் ஓடுது. வருஷக்கணக்கா சீனி கூடியே இருந்தா அந்தக் குழாய்ங்க பலவீனமாகி ஒழுகும், அடைச்சுக்கும். அப்புறம் புதுக் குழாய் முளைக்கும். அது நோஞ்சான் குழாய். ஒருநாள் உடைஞ்சு கண்ணுக்குள்ளயே ரத்தம் கொட்டும். அதுவரைக்கும் வலிக்காது, அரிக்காது, பல பேருக்குப் பார்வையும் குறையாது. பேப்பர் படிக்கலாம், மோட்டார் ஓட்டலாம். பேக்டரியில வேலை செய்றவங்களுக்கு இது புரியும். மெஷின் நல்லா ஓடும்போதுதான் சர்வீஸ் பண்ணணும். சத்தம் வந்த பிறகு திறந்து பார்த்தா பேரிங் போயிருக்கும்.

கண்ணாடிக் கடையில இலவசமா பவர் செக் பண்ணிட்டு "கண்ணு பார்த்தாச்சு"ன்னு சொல்றவங்க நிறைய. அது கண்ணாடிக்கு எத்தனை பவர்னு பார்க்கிறது. விழித்திரையைப் பார்க்கிறது வேற. இனிப்புநீர்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை பார்க்கணும், அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல, பொதுவா வருஷத்துக்கு ஒரு தடவை.

எங்க உறுமிக் குழு அண்ணன் ஒருத்தர். அவரே எழுதச் சொன்னாரு, பேரு மட்டும் வேணாம்னாரு. தோட்டத்துல பிறந்தவர், பால்மரம் போய் செம்பனை வந்த பிறகு பேக்டரிக்கு வந்தவர். 16 வருஷமா இனிப்புநீர். கண் படத்துக்கு ரெண்டு தடவை தேதி குடுத்திருக்காங்க. முதல் தேதி மாசக் கடைசி, ஷிப்மெண்ட் நேரம். லீவு கேட்டாரு. "இப்ப ஆள் இல்லண்ணே, அடுத்த மாசம் பாருங்க" என்று சொன்னது யாரு? சூப்பர்வைசர். எங்க தொண்டர் குழுவுல இருக்கிற சூப்பர்வைசர்தான். நாங்கதான். கோயில்ல "அண்ணே வாங்க"ன்னு மாலை போடுற அதே வாய்தான் அதைச் சொன்னுச்சு. ரெண்டாவது தேதிக்கு அவரு கேட்கவே இல்ல.

போன வருஷம் ஆடி மாசம், உறுமி அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே கண்ணுல கறுப்பா சிலந்தி வலை இறங்குதுன்னாரு. பெரியாஸ்பத்திரியில லேசர், ஊசி எல்லாம் பார்த்தாங்க. வலது கண்ணைக் காப்பாத்திட்டாங்க. இடது கண்ணுல வெளிச்சம் மட்டும்தான். நேரத்தோட பிடிச்சிருந்தா பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம், போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர்றதுதான் கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. சொன்னப்போ பக்கத்துல நின்னது நாங்க.

அதனால "நம்மாளுங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு இனி யாரும் சொல்லாதீங்க. அரசாங்க கிளினிக்குல நம்மளுக்குக் கட்டணம் 1 வெள்ளி, ஒரு தே தாரிக் விலைகூட இல்ல. பணம் அங்க போகல. ஒருநாள் சம்பளத்துல போகுது. வேலைச் சட்டப்படி 5 வருஷம் சர்வீஸ் இருந்தா வருஷத்துக்கு 22 நாள் நோய் விடுப்பு உண்டு. ஆனா நோயே தெரியாம படம் எடுக்கப் போறவருக்கு கிளினிக்குல குடுக்கிறது பெரும்பாலும் டைம் சிலிப். அதை எம்.சி.யா எடுத்துக்காத பேக்டரி நிறைய. நாங்களே அந்தச் சிலிப்பைத் திருப்பிக் குடுத்திருக்கோம்.

அப்புறம் போக்குவரத்து. எல்லா கிளினிக்குலயும் அந்தக் கேமரா கிடையாது, பெரிய கிளினிக்குக்கு அனுப்புவாங்க. ஆசாஹான் பக்கம், தெபோங் பக்கம் தோட்டத்துல இன்னும் இருக்கிற கிழவன் கிழவி ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ எப்படிப் போவாங்க? மகன் சிங்கப்பூர்ல, மருமக ஷிப்ட்ல. சில பேருக்குக் கண்ணுல மருந்து ஊத்துவாங்க, நாலஞ்சு மணி நேரம் எல்லாம் மங்கலா இருக்கும். மோட்டார்ல போனவர் மோட்டார்ல திரும்ப முடியாது. இதை முன்கூட்டியே யாரும் சொல்றதில்ல. ஒரு பாட்டிகிட்ட "காம்பார் மாத்தா"ன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஐ.சி.க்குப் படம் எடுக்கிற மாதிரி நினைச்சு, "என்கிட்ட ஐ.சி. இருக்குப்பா"ன்னு வீட்டுக்கு வந்துட்டாங்க. சிரிச்சோம். சிரிக்கிற விஷயமா அது?

அந்தக் காலத்துத் தோட்டத்துல டிரசர் இருந்தாரு. அவருகிட்ட கேமரா இல்ல, பல நேரம் மாத்திரைகூட இல்ல. ஆனா லயத்துக்கே வந்து "நாளைக்கு நீ வரணும்"னு பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தாரு. தோட்டம் உடைஞ்சு தாமானுக்கும் பிளாட்டுக்கும் சிதறின பிறகு அப்படிக் கூப்பிட யாரும் இல்ல. வாரா வாரம் நம்மாளுங்க ஒண்ணா கூடுற இடம் இப்போ கோயில் ஒண்ணுதான்.

"கோயில் வேலை வேற, ஆஸ்பத்திரி வேலை கவர்மெண்டு பார்க்கட்டும்" என்று கமிட்டியில ஒரு பெரியவர் சொன்னாரு. ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா கண்ணப்ப நாயனார் சுவாமி கண்ணுல ரத்தத்தைப் பார்த்ததும், இது யாரு வேலைன்னு கேட்டுக்கிட்டா நின்னாரு? இன்னொருத்தர், "வாயைக் கட்டாதவனுக்குக் கண்ணு போகத்தான் செய்யும்"னாரு. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்கு நடக்கிறவங்களுக்கு பந்தல் போட்டு சிரப் பண்டோங் ஊத்துறது யாரு? நாம. பாயாசத்துல டின் பாலை ரெண்டு தடவை ஊத்துறது யாரு? அதுவும் நாம. ஊத்திக் குடுத்திட்டு ஏசக்கூடாது. அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பாதிப் பேரு கிளினிக்குப் பக்கமே போறதில்ல.

மதுரையில டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாரு. கிராமத்து முகாம்ல இலவச ஆப்பரேஷன்னு சொன்னதோட விடல. பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க. இங்கிலாந்துல இனிப்புநீர் இருக்கிறவங்களைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டுக் கண்ணைப் படம் எடுக்கிறாங்க. வேலை செய்ற வயசுல பார்வை போறதுக்கு அங்கயும் வேல்ஸ்லயும் பல பத்து வருஷமா முதல் காரணமா இருந்தது இந்த நோய்தான். இப்போ அது முதல் இடத்துல இல்லன்னு 2014ல வந்த ஆய்வு சொல்லுச்சு, அதுக்கு இந்தப் பரிசோதனையும் ஒரு காரணமா இருக்கலாம்னும் சொல்லுச்சு.

நம்மகிட்ட பஸ் இல்ல. ஆனா திருவிழாவுக்கு வரிசையா பேனர் அடிக்கிறோம், ஒவ்வொண்ணுலயும் கமிட்டி மூஞ்சி. அதுல நாலு பேனரைக் குறைச்சா ஒரு வேன் வாடகை வந்துரும். வர்ற ஞாயிறு பொதுக்கூட்டத்துல கணக்கு வாசிக்கும்போது இதை எழுந்து கேட்போம். நீங்களும் வந்து கேளுங்க. வேலையிடத்துல சூப்பர்வைசரா, லீடரா இருக்கிற பக்தர்கள் தனியா எங்களை வந்து பாருங்க. ஒருத்தர் கிளினிக்குப் போற நாள்ல இன்னொருத்தரை ஷிப்ட் மாத்திவிடுறது நம்ம கையில இருக்கு, மேனேஜரைக் கேட்கவே வேண்டியதில்ல. நாங்க ஆரம்பிச்சிட்டோம்.

அம்மா, அப்பாவுக்குக் கண் படத்துக்குத் தேதி இருந்தா, பச்சைப் புத்தகத்தோட அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சு எங்களுக்கு வாட்சாப் பண்ணுங்க. தேதியே இல்லன்னா அதையும் சொல்லுங்க, கூட வந்து கவுண்டர்ல மலாய்ல கேட்டுத் தர்றோம். கமிட்டி வேன் குடுத்தாலும் குடுக்காட்டியும் எங்க ரெண்டு பேரு கார் இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். உறுமி அண்ணனும் இருப்பாரு. மத்த கண்ணுக்கு அவருக்கு அடுத்த தேதி புதன்கிழமை, லீவு போட்டாச்சு.