நடுவே நுழைந்தவர் தாழ்ந்தவரா?

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டு பயின்றபின் பெர்க்லி சர்வகலாசாலைக்கு மாறும் மாணவர்கள், பின்வாசல் வழியே வந்தவர்களாதலால், தமக்குத் தகுதியில்லையோ என்று அச்சங்கொள்வது நியாயமே என்று நண்பர் எழுதியிருப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். அவ்வாறு மாறி வருவது, அம்மாநிலத்தின் 1960-ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டம் தீர்க்காலோசனையுடன் வகுத்த நேர்வழி. பகலெல்லாம் கடையில் நின்று உழைத்து, இரவில் கால்குலஸ் கணக்குகளோடு போராடி, கல்லூரிப் பாடங்களில் பெற்ற மதிப்பெண்களையே அத்தாட்சியாகக் காட்டி உள்ளே வருபவனுடைய யோக்கியதை, பள்ளிப் படிப்பின் பலத்தில் வந்தவனுடையதைவிட எவ்விதத்தில் குறைந்தது? 1981-இல் ஆக்சிடென்டல் கல்லூரியிலிருந்து கொலம்பியாவுக்கு மாறியவர்தாமே பராக் ஒபாமா? முதற் பருவத்தில் மதிப்பெண் சற்றுச் சரிவது, புதிய இடத்தின் வேகம் பழகும்வரை பலருக்கும் நேரும் சகஜமான அனுபவம்; அதைத் தகுதியின்மைக்குச் சாட்சியாக்குவது அநியாயம். பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்கும் உரிமை அவர்களுக்கும் பூரணமாக உண்டென்று சொல்லித் தைரியமூட்டுவதே நம் கடமை.