அடைப்பு இல்லாத இதயநோய்

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டால், நடக்க வருகிறவர்களின் பேச்சில் பாதி உடம்புக் கணக்குதான். யாருக்கு எத்தனை அடைப்பு, யாருக்கு ஸ்டென்ட், யாருக்கு பைபாஸ். இதயநோய் என்றால் அடைப்பு என்று புதுச்சேரி எப்போதோ முடிவு கட்டிவிட்டது. ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமாக இருந்தும் இருபது வயதுப் பையன் மைதானத்தில் சுருண்டு விழுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்படி விழவைக்கும் நோய்களில் ஒன்று ஏஆர்விசி. இதை 1970களின் பிற்பகுதியில் அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் பாரீஸ் மருத்துவர் கீ ஃபோந்தேன். இதயத் தசையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் புரதங்கள் உண்டு. மரபணுக் கோளாறால் அந்தப் பசை பலவீனமானால், துடிப்பின் இழுவையில் செல்கள் பிரிந்து சாகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் பிடித்துக்கொள்கின்றன, பெரும்பாலும் வலது கீழறையில். நேராகப் போக வேண்டிய மின்னோட்டம் தழும்பைச் சுற்றிச் சுழலும். துடிப்பு தறிகெட்டு ஓடும். மயக்கம் வரும். சிலருக்கு அந்த முதல் மயக்கமே கடைசி.

இதில் கொடுமை, உடற்பயிற்சியே எதிரி. ஓட ஓட இழுவை கூடும். இந்த நோய் இருந்த ஸ்பெயின் கால்பந்து வீரர் அந்தோனியோ புவெர்த்தா 2007 ஆகஸ்டில் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். மூன்று நாளில் இறந்தார். வயது 22. இத்தாலி 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜியுடன் கூடிய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே வெனெத்தோ பகுதியில் வீரர்களின் திடீர் மரணங்கள் 2004க்குள் சுமார் 89 சதவீதம் குறைந்தன.

நம் மைதானத்தில் பையன் விழுந்தால் நடப்பது தெரிந்ததுதான். முகத்தில் தண்ணீர், கையில் சோடா, "காலையில சாப்பிட்டியா?" என்ற கேள்வி. வெயில் மயக்கம் என்று முடித்துவிடுவார்கள். நிற்கும்போது வரும் மயக்கம் வேறு, ஓடும்போது வரும் மயக்கம் வேறு. பின்னதற்கு ஈசிஜி, எக்கோ, 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர், தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐ என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆஞ்சியோ நார்மல் என்றதும் கிளம்பிவிடக் கூடாது. நோய் உறுதியானால் கடும் விளையாட்டை விட வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை தருவார்கள். ஆபத்து அதிகமுள்ளவருக்கு, துடிப்பு தறிகெட்டால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியைப் பொருத்துவார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே டாக்டருக்கு முதலில் தேவை குடும்பக் கதை. அதைத்தான் நாம் மறைக்கிறோம். சித்தப்பா முப்பதில் போனதைச் சொன்னால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வழிவந்த சொல்தா குடும்பங்களில் பாதிச் சொந்தம் பிரான்ஸில். அங்கே ஒருவர் இறந்தால் இங்கே வந்து சேர்வது "ஹார்ட் அட்டாக்காம்" என்ற ஒரே வார்த்தை. என்ன நோய், மரபணுச் சோதனை செய்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

கேளுங்கள். நாற்பது வயதுக்குள் திடீரென்று போனவர்களின் பெயர், வயது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கோ உங்கள் இதய டாக்டரிடமோ போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.