மாட்டுத் தோலும் மனிதத் தோலும்

வலி வேண்டுமென்று எவரேனும் வரம் கேட்பரோ? கேட்கமாட்டார். ஆயினும், வலி இல்லாவிடில் மனிதனின் கதி என்ன என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஊர் வேலூர்!

கொல்லிமலையிலே பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று அன்று பலரும் நம்பினர். அவர் நம்பவில்லை, உற்று நோக்கினார். துருவேறிய பூட்டைச் சிறுவனொருவன் திறந்தான், விரல் எலும்புவரை கிழிந்தது, அவன் அறியவில்லை! உறங்குவோரின் விரலை இரவிலே எலி கடித்தது, உறங்கியவர் உணரவில்லை! விரலைத் தின்றது நோயன்று, உணர்விழப்பு! தொழுநோயால் முடங்கிய கையைச் சீராக்கும் அறுவை மருத்துவம் 1948 இல் அங்கே தொடங்கிற்று. மரத்த பாதங்களைக் காக்கும் மெல்லிய ரப்பர்ச் செருப்பும் அங்கே உருவாயிற்று.

1900 இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. 1986 இல், சென்னையில் எடுத்த குருதியிலே எய்ட்ஸ் கிருமியின் தடம் இந்தியாவில் முதன்முதல் வெளிப்பட்டதும் வேலூர் ஆய்வுக்கூடத்தின் சோதனையில்தான். பெருமைதான், மறுப்பாரில்லை!

ஆனால், அந்த வளாகத்தை விட்டுப் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். கிழக்கே இராணிப்பேட்டை, மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. சுண்ணாம்பிலே கையும் குரோம உப்பிலே காலுமாக, தோல் பதனிடும் தொழிலாளி அங்கே நிற்கிறான். ஆம்பூர்க் காலணி ஐரோப்பிய வீதிகளிலே பளபளக்கிறது. அவன் கையோ வெடிக்கிறது! குரோமத்தால் ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால், பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் புண் கிளம்பும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி.

2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையிலே தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் சேற்றில் மாண்டனர். பாலாற்றைக் கெடுத்தவரே ஈடு தரவேண்டுமென்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 இல். மீண்டும் அதையே வலியுறுத்த நேர்ந்தது 2025 இல். இடையே 29 ஆண்டுகள்! மரத்துப்போனது எது? பாட்டாளியின் விரலா, பதவியாளரின் நெஞ்சமா?

தோலை ஆராய 1948 இலேயே சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. வேண்டியதுதான், வாழ்த்துகிறோம். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் தேசிய நிறுவனத்தின் தலைமையிடமோ அகமதாபாத்! மாட்டுத் தோலுக்குப் பக்கத்திலே ஆய்வுக்கூடம். மனிதத் தோலுக்கு நெடுந்தொலைவிலே! இது நீதியா?

நாம் கேட்பது இரக்கமன்று, உரிமை! தோல் தொழிலாளரின் நலனுக்கென வேலூரிலே நிலையான ஆய்வுத்துறை வேண்டும். ஆண்டுதோறும் அவர்தம் தோலும் நுரையீரலும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் தமிழிலே அவர்கள் கைக்கு வரவேண்டும். செலவை அரசும் முதலாளிகளும் ஏற்கவேண்டும்.

ஆராய்பவர் யார் என்பதும் கேள்வியே. நீட் தேர்வுக்காகத் தன் தேர்வுமுறையைக் கைவிட மனமின்றி, 2017 இல் அக்கல்லூரி 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒருவரை மட்டுமே சேர்த்தது. 2020 இல் உச்சநீதிமன்றம் நீட் அனைவர்க்கும் பொருந்தும் என்றது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வழியற்ற ஆம்பூர்த் தொழிலாளியின் மகள் எங்கே போவாள்? தந்தையின் கைப்புண்ணுக்கு மருந்திட்டவள் கேட்கும் கேள்வியை வேறெவர் கேட்பர்? அவள் கை நுண்ணோக்கியைத் தொடவேண்டும். தடுக்கும் கதவு திறக்கவேண்டும்!

வலியை உணராத உடல் சிதையும் என்றது வேலூர் ஆராய்ச்சி. உடலுக்கு உரைத்த அந்த உண்மை நாட்டுக்கும் பொருந்தும். பாட்டாளியின் புண் தன் புண்ணெனத் துடிக்கும் அரசே உயிருள்ள அரசு. துடிக்காததைத் துடிக்கச் செய்வதே நம் பணி!