மணிவிழாவும் திருக்கடவூரும்

60 ஆண்டு நிறைந்தார் மணிவிழாவிற்கு எத்தலம் செல்வது எனின், திருக்கடவூர் என்பதே சென்னைப் பக்கத்தார் விடை. அங்கு வேள்வி இயற்றி மங்கலநாணை மீளப் பூட்டின் ஆயுள் வளரும் என்பது அவர் துணிபு. இது சித்தாந்தத்தோடு முரணும். வாழ்நாளின் எல்லையும் வினைக்கீடாகக் கருவிலேயே அமையும் என்பது சிவஞானசித்தியார் கொள்கை. மார்க்கண்டேயர்க்கு அவ்வெல்லை நீங்கியதே எனின், நீங்கியது அருளால், கட்டணத்தால் அன்று. 16 ஆண்டினராகிய அவர் ஆயுளை விலை பேசினாரல்லர். பூசையை விடமாட்டாமையால் இலிங்கத்தைத் தழுவினார்.

அவ்வூர்க் குங்குலியக்கலய நாயனார் செய்தது யாது? மக்கள் பசித்திருப்ப, நெல் கொள்ளுமாறு மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்துக் குங்குலியம் வாங்கித் திருக்கோயிலிற் சேர்த்தார். அத்தாலி நீங்கிய ஊரிலே, படம்பிடிப்பார் ஏவியவாறு இருமுறையும் மும்முறையும் தாலி பூட்டுவோர் இதனை எண்ணினரா?

தலயாத்திரை வேண்டா என்பது கருத்தன்று, மூவரும் பாடிய வீரட்டம் அது, சென்று தொழுக. ஆயின், கொட்டிவாக்கத்தார்க்கு வடக்கே அடுத்துள்ளது திருவான்மியூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய அத்தலத்து மருந்தீசர் பிறவிப்பிணிக்கு மருந்தாயவர். அறுபதாண்டும் அவர் திருவாயிலை மிதியாது, கடற்கரைச் சாலையிற் காரேறித் தெற்கே விரைவோர்க்கு, கடவூரிற் காலனை உதைத்த தாள் வேறு, வான்மியூர்த் தாள் வேறு போலும்!